திருகோணமலையிலிருந்து செம்மொழி, தொல்லியல் பட்டமேற்படிப்பு: எதை முதலில் செய்வது

தொல்லியல், சமஸ்கிருதம், செவ்வியல் தமிழ், கிரேக்கம், இலத்தீன் என்று ஏதாவது ஒன்றில் பட்டத்துக்கு மேல் படிக்கப் போகிறேன் என்று திருகோணமலையில் நீங்கள் சொன்னால், முதலில் "படிச்சு என்ன வேலை எடுப்பீங்கள்?" என்று கேட்பார்கள். அதற்கு இங்கே பதில் இல்லை. "சரி, எப்படிப் போறது?" என்ற அடுத்த கேள்விக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கேள்விக்கு ஊரில் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டுக் கல்வி முகவர்களிடம் போனால் கணினி, தாதியியல், முகாமைத்துவம் மூன்றையும் தாண்டிப் பேச மாட்டார்கள். அவர்களுக்குக் கமிஷன் வராத துறை இது. ஆகவே முகவருக்குக் காசு கட்டாதீர்கள். இந்தத் துறையில் அவர் செய்து தரக்கூடியது ஒன்றுமில்லை.

அலைச்சலில் பாதி, எந்தக் காரியம் எதற்கு முந்தியது என்று யாரும் சொல்லாததால் வருகிறது. எல்லோரும் பல்கலைக்கழகத்தைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மொழியும் பத்திரங்களும்தான். பல்கலைக்கழகத் தேடல் கடைசியில் வரலாம்.

1. எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

உயர்தரத்தில் இந்து நாகரிகமும் வரலாறும் எடுத்து, பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் முடித்த பலருக்கு "தொல்லியல்" என்ற பெயரில் ஒரு பொதுவான ஆசை இருக்கும். விண்ணப்பப் படிவத்துக்கு அது போதாது. மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு தயாரிப்பைக் கேட்கும்.

முதலாவது, மொழியும் சாசனமும். கல்வெட்டு, ஓலைச்சுவடி, இலக்கியம் எல்லாம் இதில் அடங்கும். தமிழ் தெரிந்திருப்பதே இங்கே பாதிப் பலம். மீதிப் பாதி சமஸ்கிருதமும், அதை எழுத நம் பக்கத்தில் பயன்பட்ட கிரந்த எழுத்தும்.

இரண்டாவது, களத் தொல்லியல். அகழாய்வு, மட்பாண்டம், எலும்பு, நிலப்பட மென்பொருள். இதற்கு மொழியைவிடக் களத்தில் நின்ற அனுபவம் பெரிது. இலங்கையில் இதைச் செய்யப் போகிறவர் சிங்களத்தில் சரளமாகப் பேசப் பழக வேண்டும். அகழாய்வுக் குழியில் நாள் முழுக்க நடக்கும் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, கிரேக்க உரோம நாகரிகம். நம் ஊரிலிருந்து இதற்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு நல்ல வாசல் இருக்கிறது: இலங்கையைத் தப்ரபேன் என்று கிரேக்கப் புவியியலாளர் தொலமி எழுதியதும், எரித்திரையக் கடல் பெரிப்ளுஸ் என்ற கிரேக்க வணிகக் குறிப்பும் நம் கடலைப் பற்றியவை. இந்து சமுத்திர வணிகத்தைக் கிரேக்க மூலத்தோடும் தமிழ் மூலத்தோடும் சேர்த்துப் படிக்கிறேன் என்று வரும் விண்ணப்பதாரர் தெரிவுக்குழுவுக்குப் புதியவர்.

இந்த மூன்றில் ஒன்றை எடுத்து, காலம், இடம், மூலம் மூன்றும் வரும்படி ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். பின்னால் எல்லாப் படிவங்களுக்கும் அதுதான் வேர்.

2. உங்கள் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பட்டப்பின் டிப்ளோமா 8. பாடவேலையால் மட்டும் முடியும் 30 திறமைப் புள்ளி முதுமாணி 9. ஆய்வும் சேர்ந்த 60 புள்ளி முதுமாணி 10. முதுதத்துவமாணி (எம்.ஃபில்) 11, கலாநிதி 12.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பொதுப் பட்டம் வைத்திருப்பவர் நேரே முதுதத்துவமாணிக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் திரும்பி வரும். டிப்ளோமா அல்லது முதுமாணி வழியாகத்தான் ஏற வேண்டும். மற்றது, 9ஆம் மட்ட முதுமாணியை முடித்துவிட்டுக் கலாநிதிக்குப் போக நினைப்பவர், அதில் ஆய்வுக் கட்டுரை இல்லை என்று பிறகு தெரிந்து இன்னொரு முதுமாணி செய்ய வேண்டி வரலாம். பதிவு செய்வதற்கு முன்னரே "இது எத்தனையாவது மட்டம்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில மூன்று வருடப் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்பதில்லை. இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் மூன்று வருடப் பட்டமே வழக்கம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

3. மொழிக்கு எழுத்தில் சான்று தேடுங்கள்

இந்தத் துறைகளில் தெரிவுக்குழு முதலில் பார்ப்பது, மூல நூலை மூல மொழியில் வாசிப்பீர்களா என்பதைத்தான். அமெரிக்காவில் செவ்வியல் துறைக் கலாநிதிப் படிப்புக்கு வருகிறவர்கள் கிரேக்கம், இலத்தீன் இரண்டையும் பல வருடம் படித்தே வருகிறார்கள். அதோடு ஜெர்மனோ பிரெஞ்சோ வாசிக்கத் தெரிய வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. தமிழும் சமஸ்கிருதமும் எடுப்பவருக்கும் இதே கணக்குத்தான்.

திருகோணமலையில் சமஸ்கிருதம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கோயில் குருக்கள்மாரில் கிரந்தம் சரளமாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; மரியாதையாகப் போய்க் கேட்டால் சொல்லித் தருவார்கள். கிரேக்கமும் இலத்தீனும் வேண்டுமென்றால், குருமடத்தில் படித்து வந்த கத்தோலிக்கக் குருமார்களைக் கேட்டுப் பாருங்கள். இவர்களிடம் படிப்பது உண்மையான படிப்புத்தான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அதற்கு ஒரு தாள் கிடையாது. எனவே அத்திவாரத்தை ஊரில் போட்டுக்கொண்டு, சான்றிதழும் புள்ளியும் தரும் ஒரு பாடத்தை வெளியே எடுங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத் துறை இருக்கிறது. பேராதனையில் செம்மொழிகள் துறை இருக்கிறது. களனியில் மேலைத்தேயச் செவ்வியல் பண்பாட்டுக்கும் கிறிஸ்தவப் பண்பாட்டுக்கும் சேர்த்து ஒரு துறை உண்டு. பாளியும் பௌத்தமும் வேண்டுமென்றால் களனியோடு இணைந்த பாளி, பௌத்தப் பட்டப்பின் நிறுவகம். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இந்தத் துறைகள் இல்லை. வீட்டுக்குப் பக்கம் என்று நம்பிப் போய்க் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே புள்ளியோடு படிக்க வேண்டுமென்றால், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் சமஸ்கிருதத்தை இணையவழியில் கற்பிக்கிறது. செவ்வியல் தமிழுக்குப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியின் கோடைக்காலக் கருத்தரங்கைக் கவனியுங்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் சங்க இலக்கியம் வாசிக்க ஆட்கள் வரும் இடம் அது. பிற்காலத்தில் உங்களுக்குக் கடிதம் எழுதக்கூடிய ஆட்களை அங்கே சந்திப்பீர்கள். கிரேக்கமும் இலத்தீனும் தனியே பழகுகிறவருக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூல நூல்களும் அகராதியும் இலவசம். சொல்லைத் தொட்டால் அதன் இலக்கணம் விரியும்.

குறைந்தது ஒரு முழு வருடத்தை இதற்குக் கொடுங்கள். ஏற்கெனவே வயது போய்விட்டது என்று அவசரப்படுகிறவர்கள்தான் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். நிராகரிப்புக் கடிதமும் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

4. பெயரைச் சரிசெய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதில் கவனமாக இருங்கள். நம் பெயர் எழுதும் முறையும் வெளிநாட்டுப் படிவங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதில் உங்கள் பெயர் ஒரு கட்டத்திலும் தகப்பனார் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் முன்னுக்கு வரும். உயர்தரச் சான்றிதழில் அது முதலெழுத்தாகச் சுருங்கும். பட்டச் சான்றிதழில் விரிந்து வரும், ஆனால் ஆங்கில எழுத்துக் கூட்டல் வேறாக இருக்கும்: ஓரிடத்தில் 'டி', மற்ற இடத்தில் 'டிஎச்', ஒன்றில் 'எஸ்', மற்றதில் 'எஸ்எச்'. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் அலுவலர் எதைப் போட்டாரோ அதுதான் இனி உலகத்துக்கு உங்கள் பெயர். திருமணமான பெண்களுக்குக் கணவர் பெயரும் வந்து சேரும்போது சிக்கல் இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கடவுச்சீட்டை எடுங்கள். பத்தரமுல்லைத் தலைமையகம் வரை போக வேண்டியதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, ஹொரவப்பொத்தானை வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். படிவத்தில் எழுதும் ஆங்கில எழுத்துக் கூட்டல் பட்டச் சான்றிதழில் உள்ளதாகவே இருக்கட்டும், ஏனென்றால் பட்டச் சான்றிதழைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பிறகு வரும் மொழிபெயர்ப்புகள் யாவும் கடவுச்சீட்டின் எழுத்துக் கூட்டலையே பின்பற்ற வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் கூடவே கொடுங்கள். சொல்லாவிட்டால் தனக்குச் சரியென்று பட்டபடி எழுதுவார்.

ஏற்கெனவே பெயர் வேறுபட்டிருந்தால், "இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்" என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். உள்ளூர்க் காரியத்துக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்தது போதும். வெளிநாட்டுக்கு என்றால் நொத்தாரிசு முத்திரை பாதுகாப்பு. இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கடவுச்சீட்டில் உள்ளதையே போடுங்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பதிவில் ஒரு விதம், பல்கலைக்கழகப் படிவத்தில் இன்னொரு விதம் என்றால் கணினி இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்க்காது. "புள்ளி வந்து சேரவில்லை" என்று மின்னஞ்சல் வரும். யார் பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் முடிவுத் திகதி போய்விடும்.

5. பத்திரக் கட்டு

கோவையில் இவை இருக்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்பும், உயர்தரச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்று விபரம், புள்ளி வழங்கும் முறை பற்றிய விளக்கம், பாடத்திட்டச் சுருக்கம், கடவுச்சீட்டு.

உயர்தரச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். கொழும்புக்கு ஏற வேண்டியதில்லை.

நேரத்தைத் தின்பது பெறுபேற்று விபரம்தான். விண்ணப்பம், வங்கியில் கட்டணம், சிட்டையோடு பரீட்சைக் கிளை, பிறகு பதிவாளர் கையொப்பம் என்று அது நகரும். நடுவில் ஒரு வேலைநிறுத்தம் வந்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஒருமுறை பல்கலைக்கழகம் ஒன்றில் என் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்லவே ஆளில்லாமல் இருந்தது. அதனால் ஒன்று வேண்டுமென்றால் ஆறு கேளுங்கள், எல்லாம் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின் மேல் முத்திரை குத்தியபடி. அந்த உறையை ஆவலில் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். பிரித்த உறைக்கு மதிப்பில்லை. உங்களுக்குப் பார்க்க ஒன்று தனியாக வாங்குங்கள்.

பாடத்திட்டச் சுருக்கத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். "வரலாறு 3" என்று பெறுபேற்றில் இருந்தால் அதற்குள் சாசனவியல் இருந்தது யாருக்குத் தெரியும்? துறைத் தலைவரிடம் பாடப் பெயர், மணித்தியாலம், வாசித்த மூல நூல்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

வெளிநாட்டுத் தூதரகம் கேட்டால் இந்தப் பத்திரங்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் உண்டு. பட்டச் சான்றிதழை லமினேட் செய்துவிடாதீர்கள். மேலே முத்திரை குத்த இடமில்லாமல் போகும். நம் வீடுகளில் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே லமினேட் கடைக்குப் போகும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன்.

ஆங்கிலப் பரீட்சை. தமிழ் மூலத்தில் பட்டம் முடித்தவருக்கு "ஆங்கில மூலம் கற்றார்" என்ற கடிதச் சலுகை கிடைக்காது. ஐஈஎல்டிஎஸ் எழுதியாக வேண்டும். மொழி, வரலாறு போன்ற மானுடத் துறைகளில் 7 கேட்பது சாதாரணம், ஒக்ஸ்போர்டு போன்ற இடங்களில் 7.5. பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். எனவே மொழி வருடத்தின் கடைசியில் எழுதுங்கள். தொடக்கத்திலேயே எழுதினால் விசாவுக்குப் போகும் நேரம் காலாவதியாகிவிடும்.

6. எழுத்து மாதிரியும் கடிதங்களும்

கேட்கப்படுவது பொதுவாக மூன்று சிபாரிசுக் கடிதங்கள், ஒரு நோக்க அறிக்கை, பதினைந்து இருபது பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை மாதிரி.

கடிதம் எழுதுகிறவர் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்று நினைத்து அதிபர், பணிப்பாளர், அரசியல்வாதி என்று போகாதீர்கள். உங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் வேண்டும், அதுவும் உங்கள் எழுத்தை வாசித்தவர். அவருக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். ஜிமெயிலில் வரும் கடிதத்தைச் சில படிவங்கள் சந்தேகிக்கும். "நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ தம்பி, நான் சைன் வைக்கிறன்" என்று சொன்னால் பணிவாக மறுத்து, உங்கள் கட்டுரையையும் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்து, "நேரம் எடுத்து எழுதுங்கோ சேர்" என்று கேளுங்கள். முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னால் கேட்பது மரியாதை. ஞாபகப்படுத்துவதில் வெட்கம் வேண்டாம்.

எழுத்து மாதிரிக்கு விடயம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. இந்த விடயத்தில் திருகோணமலைக்காரர் கொடுத்து வைத்தவர்கள். கோட்டை வாசலில் மீன் சின்னத்தோடு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, தினமும் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த வெல்கம் விகாரையில் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைச் சோழர் காலத் தமிழ்ச் சாசனங்கள் சொல்கின்றன. நிலாவெளிச் சாசனம் கோணமாமலையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. திரியாயில் பல்லவக் கிரந்தத்தை ஒத்த எழுத்தில் சமஸ்கிருதப் பாறைக் கல்வெட்டு ஒன்று, இரண்டு வணிகர் கதையோடு. இவற்றில் ஒன்றை எடுத்து, அச்சில் வந்த வாசிப்புகளை ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகின்றன, எந்தச் சொல்லில் ஐயம் என்று எழுதினாலே தெரிவுக்குழு நிமிர்ந்து உட்காரும். இலங்கையின் தமிழ்ச் சாசனங்கள் பற்றிப் பேராசிரியர் சி. பத்மநாதன் எழுதியவற்றையும், இலங்கைக் கல்வெட்டுகளை அச்சிட்ட எபிகிராபியா செய்லானிக்கா தொகுதிகளையும் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். படம் எடுக்கலாம் என்று அனுமதித்த இடத்தில் படம் மட்டும் எடுங்கள். எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி பூசுவது, சுரண்டுவது, தாளை ஒட்டி மைப்படி எடுப்பது எதுவும் திணைக்கள அனுமதியில்லாமல் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அகழ்வதற்கும் தொல்லியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதால் கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றது கொஞ்சம் சங்கடமான விடயம். கன்னியா, வெல்கம் விகாரை, திரியாய் பற்றி ஊரில் ஒவ்வொருவருக்கும் சூடான கருத்து உண்டு. அதற்குக் காரணமும் உண்டு; கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று 2020இல் அமைத்த ஜனாதிபதி செயலணியை யாரும் மறக்கவில்லை. ஆனால் நோக்க அறிக்கையில் அந்த வழக்கை வாதாடாதீர்கள். சோழர் காலத்தில் பௌத்தப் பள்ளி ஒன்றுக்குத் தமிழில் தானம் எழுதப்பட்டது எப்படி என்று கேள்வியாகக் கேளுங்கள். வாதாடும் விண்ணப்பதாரரைவிடக் கேட்கும் விண்ணப்பதாரர் தெரிவுக்குழுவுக்குப் பயன்படுவார்.

7. எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு முடியும்

இலங்கைக்குள் தொல்லியலுக்கென்று இருப்பது களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் நிறுவகம், கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தை. டிப்ளோமாவிலிருந்து கலாநிதி வரை உண்டு. யாழ்ப்பாணத்தில் உயர் பட்டப்படிப்புகள் பீடம், பேராதனையில் மானுட, சமூக விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகம். முதுமாணி வகுப்புகள் பல வார இறுதியில் நடப்பதால், கொழும்புக்கு என்றால் இரவு ரயில் உங்கள் நண்பன். கட்டணத்தோடு அந்தப் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு வருடத்தில் அது கட்டணத்தோடு போட்டி போடும். வேலையோடு படிக்கிறவருக்கு இதுதான் நடைமுறை வழி.

இந்தியா. சாசனமும் சுவடியும் என்றால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம்: கல்வெட்டியல் தொல்லியல் துறை, ஓலைச்சுவடித் துறை இரண்டும் அங்கே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை. களத் தொல்லியல் என்றால் புனே டெக்கான் கல்லூரி, அங்கே ஆங்கில மூலம். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் இலங்கையருக்கு அறிவிக்கும் புலமைப்பரிசில்களில் முதுமாணிக்கானது மௌலானா ஆசாத் பெயரில் வருவது. கற்கைக் கட்டணம், மாதப்படி, தங்குமிடப்படி எல்லாம் அதில் அடங்கும். பத்திரிகையில் வரும் அறிவித்தல் சில வாரம்தான் திறந்திருக்கும், கோவை தயாராக இல்லாதவருக்கு அது பயன்படாது. என் அபிப்பிராயத்தில், சாசனம் படிக்கப் போகிறவருக்கு முதல் தெரிவு தஞ்சாவூர்தான். கல்லும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். கோயில் சுவரின் முன் நின்று படிப்பதை லண்டன் நூலகம் தராது.

ஜெர்மனி. ஹாம்பர்க்கில் செவ்வியல் தமிழும் சுவடிப் பண்பாடு பற்றிய ஆய்வு மையமும் உண்டு. ஹைடல்பேர்க்கில் தெற்காசிய நிறுவகம். அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஆனால் ஹைடல்பேர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றும் 30. எல்லோரையும் நிறுத்துவது தடுப்புக் கணக்கு: விசாவுக்கு முன் 11,904 யூரோ வைப்பில் காட்ட வேண்டும். நம் காசில் 40 இலட்சத்தைத் தாண்டும். அது செலவாகிற காசில்லை, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் முதலில் புரட்ட வேண்டுமே.

பிரித்தானியா. முதுமாணி ஒரு வருடத்தில் முடியும், கட்டணம் கடுமை. புலமைப்பரிசில் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். செவ்னிங் என்ற பிரித்தானிய அரசப் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். ஆசிரியர் தொழில் அதில் கணக்குக்கு வரும். முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். சொந்தக் காசில் போகிறவர் கவனிக்க: சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். ஒரு வருடக் கற்கைக்கும் விசா சில மாதம் கூடுதலாக வருவதால் ஒன்றரை வருடக் காசு வெட்டுவார்கள். வங்கியில் பணம் தொடர்ந்து 28 நாள் இறங்காமல் இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கொழும்பில்.

அமெரிக்கா. கலாநிதிக்கு நேரே விண்ணப்பிக்கலாம், முதுமாணி கட்டாயமில்லை, கிடைத்தால் ஐந்து வருடமளவுக்குக் கட்டண விலக்கும் மாதப்படியும் சேர்ந்தே வரும். செவ்வியல் தமிழ் என்றால் பேர்க்லியில் தமிழ் இருக்கை இருக்கிறது, சிக்காகோவும் பாருங்கள். கிரேக்கமும் இலத்தீனும் போதாதவர்களுக்கென்று பென்சில்வேனியா, கொலம்பியா போன்ற இடங்களில் பட்டத்துக்குப் பிந்திய ஒரு வருட மொழித் திட்டம் உண்டு. வாசிப்பு வேகம் கூடும், ஆனால் பெரும்பாலும் சொந்தக் காசு. விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்கு ஏறக்குறைய 100 டொலர். கட்ட முடியாது என்று காரணம் காட்டி எழுதினால் பல துறைகள் தள்ளுபடி தரும். கேட்காமல் விடாதீர்கள். அனுமதிக்குப் பிறகு செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், விசா 185 டொலர்.

8. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அமெரிக்க முடிவுத் திகதிகள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் ஏறக்குறைய அதே காலம். செவ்னிங் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடும், அதாவது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னரே. ஜெர்மனியில் ஒக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு வசந்த காலம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை, துறைக்குத் துறை வேறு. இந்தியாவில் வகுப்பு ஜூலை, ஓகஸ்டில் தொடங்கும்.

டிசம்பரில் அனுப்ப வேண்டுமென்றால் ஒக்டோபரில் ஆசிரியர்களிடம் கடிதம் கேட்டிருக்க வேண்டும். செப்டெம்பரில் ஐஈஎல்டிஎஸ், ஜூனில் பெறுபேற்று விபரத்துக்குப் பணம் கட்டல், அதற்கு முந்திய வருடம் முழுக்க மொழி. மார்கழி மழையில் இணையமும் மின்சாரமும் போகும் ஊர் நம்முடையது. கடைசி நாளில் பதிவேற்ற வைக்காதீர்கள். முடிவு நேரம் அவர்கள் ஊர் நேரப்படியா நம் நேரப்படியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. அரச வேலையில் இருப்பவர்களுக்கு

ஆசிரியர்கள் வலயக் கல்விப் பணிமனை ஊடாகக் கல்வி விடுமுறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்துடனான விடுமுறை என்றால் ஒப்பந்தமும் பிணையாளரும் வருவார்கள். படித்து முடித்துக் குறிப்பிட்ட காலம் சேவையாற்றாவிட்டால் பிணை வைத்த உங்கள் நண்பரின் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். கையெழுத்துக் கேட்கும் முன்பு அதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் வருமுன்னரே வாய்மொழியாக அதிபருக்குச் சொல்லி வையுங்கள், நேர அட்டவணை போட்ட பிறகு போய் நின்றால் முகம் சுளிப்பார்.

10. அனுமதி வந்தவுடன்

பதில் சொல்லும் திகதியைப் பாருங்கள். அமெரிக்காவில் மாதப்படியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு. அதற்கு முன்பு அவசரப்படுத்தினால் பணிவாக அந்தத் திகதியை நினைவூட்டலாம். வைப்புப் பணம் கட்டச் சொன்னால், விசா மறுக்கப்பட்டால் திரும்பி வருமா என்று எழுத்தில் கேளுங்கள். காசு சரிவரவில்லையென்றால் அனுமதியை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்றும் கேட்கலாம், ஆனால் புலமைப்பரிசில் பெரும்பாலும் தள்ளிப்போகாது.

விசா நேர்முகத்தில் "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்பார்கள். முதற்படியில் எழுதிய அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். "திரும்பி வந்து என்ன செய்வீர்கள்?" என்பதற்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, தொல்லியல் திணைக்களம், மத்திய கலாசார நிதியம் என்று பெயர் சொல்லிப் பதில் வையுங்கள். மூலப் பத்திரங்களைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுபோங்கள், எல்லாவற்றின் ஸ்கான் பிரதியையும் வீட்டில் ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள். பெறுபேற்று உறைகளில் மிஞ்சியவற்றைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கே போய்ப் பதிவு செய்யும்போது இன்னொன்று கேட்பார்கள்.